ஃபீட்பேக் வந்தால் பேரம் பேசுங்கள்

1953 செப்டம்பர். சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங்கின் நாவல் பிரதி, பல பதிப்பகங்களில் அடிபட்டு லண்டன் ஃபேபர் நிறுவனத்துக்கு வந்தது. அங்கேயும் முதலில் படித்தவர் ‘தேறாது’ என்று ஒதுக்கிவிட்டார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த எடிட்டர் சார்ல்ஸ் மான்டீத் அதை எடுத்துப் படித்தார். பிடித்தது. ஆனால் ‘திருத்த வேண்டும்’ என்றார். அதற்குப் பிறகு கோல்டிங் நடந்துகொண்ட விதம் ரிப்போர்ட் எழுதுபவருக்கும் கோட் எழுதுபவருக்கும் பாடம்.

1. திருத்தம் கேட்பவர் உங்கள் ஆள். பிடிக்காதவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். மான்டீத்துக்கும் தன் பெயரை நிலைநாட்ட ஒரு ஹிட் தேவைப்பட்டிருக்கும். எதிரில் இருப்பவரின் தேவையையும் கணக்கில் எடுங்கள்.

2. ஆஃபர் வருமுன்பே உழைக்க வேண்டியிருக்கலாம். ஃபேபர் நாவலை ஏற்றது 1954 தொடக்கத்தில்தான். அதற்கு முன்பே கோல்டிங் திருத்த உட்கார்ந்துவிட்டார். இலவச வேலைதான். ஆனால் மான்டீத் இன்ன இடம், இன்ன குறை என்று சொல்லியிருந்தார். ‘இன்னும் பெட்டரா பண்ணுங்க’ என்று மட்டும் சொல்பவருக்கு இப்படி உழைக்காதீர்கள். முதலில் லிஸ்ட் கேளுங்கள்.

3. எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது? சாமர்த்தியம் முழுக்க இதில்தான். நாவலின் தொடக்கத்தில் அணுயுத்தம் பற்றிய பகுதி இருந்தது. மான்டீத் வேண்டாம் என்றார், கோல்டிங் வெட்டினார். கதை நேராக, சிறுவர்கள் சிக்கிக்கொள்ளும் தீவிலேயே தொடங்கியது. சைமன் என்ற சிறுவனைச் சுற்றியிருந்த தெய்விகச் சாயலைக் குறைக்கச் சொன்னார், குறைத்தார். ஆனால் சைமன் கதையில் இருக்கிறான், அவன் சாவும் இருக்கிறது. உங்கள் பிரசன்டேஷனிலும் முதல் நாலு ஸ்லைடு பெரும்பாலும் அந்த அணுயுத்தம்தான். யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள்.

4. ஈகோவைத் தலைப்பில் வைக்காதீர்கள். கோல்டிங் வைத்த பெயர் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் விதின்’. ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ என்பது ஃபேபரின் இன்னொரு எடிட்டர் ஆலன் பிரிங்கிள் சொன்னது. 1954 செப்டம்பரில் புத்தகம் அந்தப் பெயரில்தான் வந்தது. அட்டையில் பிரிங்கிள் பெயர் இல்லை. 1983-இல் நோபல் வாங்கியதும் கோல்டிங்தான்.

5. பதிலில் மூன்று விஷயம் போதும்: எதைச் செய்தேன், எதைச் செய்யவில்லை, ஏன். ‘கன்சிடர் பண்றேன்’ என்ற மெயில் வேண்டவே வேண்டாம். திருத்திய டிராஃப்டையே அட்டாச் பண்ணி அனுப்புங்கள்.