ட்ரைசூட்டில் மிதப்பு: காற்று உடையிலா, விங்கிலா?

புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ ஸ்கூபா கற்றவருக்கு ட்ரைசூட்டின் தேவையே வந்திருக்காது. அவரே ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் சிலிண்டரோடு இறங்க ஆசைப்பட்டால், அது இல்லாமல் விடமாட்டார்கள். வட அமெரிக்க நிலத்தட்டும் யூரேசிய நிலத்தட்டும் விலகிப்போகும் பகுதி அது. பனியாறு உருகி, எரிமலைப் பாறைக்குள் வருடக்கணக்கில் வடிந்து வந்த நீர், எந்த மாதத்திலும் 2 முதல் 4 டிகிரிதான். ஆனால் நூறு மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் என்பதால் குளிரையும் மீறி ஆட்கள் வருகிறார்கள்.

ட்ரைசூட்டுக்குள் தண்ணீர் புகாது, காற்று நிற்கும். ஆக முதுகில் விங் ஒரு காற்றுப்பை, உடம்பைச் சுற்றி உடை இன்னொன்று. ஆழத்தில் மிதப்பைச் சரிசெய்ய எதில் காற்று ஏற்றுவது? பயிற்சியாளர்கள் இதில் இரண்டு கட்சி. பொழுதுபோக்கு வகுப்பு எடுப்பவர்களில் பலர், நீருக்கடியில் உடை, மேலே வந்தபின் விங் என்பார்கள். இரட்டைச் சிலிண்டர்க்காரர்கள், குறிப்பாக ஜியூஇ என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் வழியில் கற்றவர்கள், மிதப்புக்கு விங்தான் என்பார்கள். உடையில் இறுக்கம் போகுமளவு காற்று விட்டால் போதும் அவர்களுக்கு.

சண்டை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துவிடலாம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகும், உடைக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். உள்ளே போட்ட வெப்ப உடுப்பு நசுங்கி, மடிப்புகள் தோலைக் கிள்ளும், குளிரும் ஏறும். எந்தக் கட்சியாக இருந்தாலும் அங்கே உடைக்குள் காற்று விட்டே ஆகவேண்டும். விட்டதும் பழைய கன அளவு திரும்பும், அதனோடு மிதப்பும் திரும்பும். இதுவரை பேதமே இல்லை. மிச்சம் இருப்பது சிலிண்டருக்குள் அடைத்த காற்றின் எடை மட்டும். 12 லிட்டர் சிலிண்டரை 200 பாரில் நிரப்பி 50 பாரில் மேலே வருகிறவர் 1800 லிட்டர் காற்றைச் செலவழிக்கிறார். அது 2 கிலோவுக்குச் சற்று மேல். இறங்கும்போது அவ்வளவு கனமாக இருப்பார், அதை ஈடுகட்ட ஏறக்குறைய 2 லிட்டர் காற்று வேண்டும். ஒற்றைச் சிலிண்டரில் இரு கட்சியும் மோதிக்கொள்வது இந்த 2 லிட்டரை எங்கே வைப்பது என்றுதான்.

மெல்லிய மூன்றடுக்குத் துணியாலான ட்ரைலாமினேட் உடை, ஒற்றைச் சிலிண்டர், புதியவர் என்றால் என் ஓட்டு உடைக்கே. தடித்த கையுறைக்குள் விரல் மரத்த நிலையில், மேலே ஏறும்போது ஒரே பையைக் கவனித்தால் போதும். இடது மேற்கையில் உள்ள வால்வை முழுக்கத் திறந்துவைத்து முழங்கையைத் தூக்கினால் காற்று தானே வெளியேறும்.

ஆனால் மூழ்குவதற்காக எடைக்குக் கட்டும் ஈயம் சரியாக இருந்தால்தான் இது செல்லும். பயத்தில் 4 கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டவர் உடைக்குள் இன்னும் 4 லிட்டர் காற்றைச் சுமக்கிறார். அது ரசமட்டத்துக் குமிழிபோல எப்போதும் உயரமான பக்கத்துக்கே ஓடும். தலை கொஞ்சம் தாழ்ந்தால் காலுக்குப் போய்விடும். அங்கே பொதுவாக வால்வு கிடையாது. பூட்ஸ் உப்பும், துடுப்பு கழன்றாலும் கழலும், ஆள் தலைகீழாக மேலே போவார். முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு புரண்டு நிமிர்வதை நீச்சல்குளத்திலேயே பழகிவிட வேண்டும். ஈயத்தைச் சோதிக்க, சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும்போது விங்கைக் காலிசெய்து, உடை வால்வைத் திறந்து, 3 முதல் 5 மீட்டரில் அசையாமல் நின்று பாருங்கள். கடலில் பார்த்த கணக்கு நன்னீரில் உதவாது. கருவிகளோடு 100 கிலோ இருப்பவருக்கு சில்ஃப்ராவில் சுமார் 2.5 கிலோ ஈயம் குறைவாகவே தேவைப்படும்.

இரட்டைச் சிலிண்டர் என்றால் விவாதம் முடிந்தது, விங்தான். செலவாகும் காற்றே 4 கிலோவைத் தாண்டும். அவ்வளவையும் உடைக்குள் அலையவிடக் கூடாது. தடித்த நியோப்ரீன் உடைக்கும் விங்கே மேல் என்பேன். அந்தத் துணிக்குள்ளேயே வாயுக்குமிழிகள் இருப்பதால் ஆழத்தில் துணியும் சுருங்கும், ஈடுகட்ட வேண்டிய அளவு 2 லிட்டரோடு நிற்காது. முன்பே நசுக்கிச் செய்த கிரஷ்டு நியோப்ரீனை ட்ரைலாமினேட் கணக்கில் சேர்க்கலாம். அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்ற கலப்பு முறை புதியவருக்கு வேண்டாம். ஏறும்போது இரண்டு பையையும் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

சில்ஃப்ராவில் 18 மீட்டருக்குக் கீழே போக அனுமதியில்லை, ஆழம் குறைவுதானே என்று அசட்டையாக இருக்கலாகாது. 20 மீட்டரிலிருந்து 10க்கு வரும்போது காற்று ஒன்றரை மடங்காகிறது. 10லிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. பயணம் முடியும் காயல் சில மீட்டரே ஆழம். பலர் தடுமாறுவதும் அங்கேதான்.

உடைக்குக் காற்று ஏற்றும் மார்புப் பொத்தானை எந்த முறையிலும் விட்டுவிட்டுச் சுருக்கமாகவே அழுத்துங்கள். இந்தக் குளிரில் நீள அழுத்தினால் வால்வு உறைந்து திறந்தபடியே நின்றுவிடலாம். நின்றுவிட்டால் குழாயைப் பிடுங்க வேண்டும், அதைக் கையுறையோடு செய்து பழகியிருக்க வேண்டும். வாடகை உடையில் கழுத்து இறுக்கத்தைப் பார்ப்பவர்கள் பூட்ஸைப் பார்ப்பதில்லை. தொளதொள பூட்ஸ் என்றால் வேறு அளவு கேளுங்கள். கணுக்காலில் ஈயம் கட்டித் தருகிறேன் என்பார்கள். ஒவ்வொரு உதைப்பிலும் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும், எனக்கு அதில் உடன்பாடில்லை.