சக்கரம் ஏன் நடுங்குகிறது?

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சாலைகளில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. வயலோரச் சேற்றில் இறங்கி ஏறியும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அது புக்கத்துறை கூட்டுரோட்டை அடைந்து, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறுகிறது. வேகம் 80-ஐ நெருங்கியதும் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் மறைந்துவிடுகிறது. மேடு பள்ளமான சாலையில் நடுங்காத வண்டி, வழுவழுப்பான சாலையில் ஏன் நடுங்க வேண்டும்?

“டயரில் காற்று அதிகம், கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகும்” என்று யாராவது யோசனை கூறலாம். இது சரியான யோசனைதானா? தவறானால் டயர் வெடித்து உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே நன்றாக ஆராய்ந்து பார்ப்போம்.

ஒரு பிடிச் சேறு

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல் கையை வெளிப்புறமாக இழுப்பதை உணர்கிறீர்கள் அல்லவா? சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தாலும் இதேதான் நிகழும். அந்தக் கனமான பகுதி அச்சை வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே சுழலும். இழுக்கும் விசை, கூடுதல் நிறையையும் ஆரத்தையும் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிவரும் அளவாகும்.

ரிம்மின் உட்புறத்தில், மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் 50 கிராம் சேறு ஒட்டிக் காய்ந்திருப்பதாகக் கொள்வோம். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சேறு தரும் விசை சுமார் 11 நியூட்டன். 72 கிலோமீட்டரில் அது 44 நியூட்டனாகிறது. 108 கிலோமீட்டரில் 100 நியூட்டன்! அதாவது, ஏறத்தாழ 10 கிலோ எடையைத் தூக்கத் தேவையான விசை. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்த விசை ஒரே திசையில் நிற்பதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து மேலே, முன்னே, கீழே, பின்னே என்று சுற்றிவருகிறது. 72 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் ஒரு விநாடிக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் சுழலும். எனவே அச்சுக்கு விநாடிக்குப் பத்து உதை!

ஊஞ்சலை அதன் தாளத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையிலேயே உயரமாக ஆடுகிறது. அதுபோல ஸ்பிரிங்குகளுக்கும் டயருக்கும் இடையிலுள்ள சக்கரத்திற்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. உதைகளின் தாளம் அதனோடு ஒன்றும்போது நடுக்கம் பெருகுகிறது. இதுவே ஒத்ததிர்வு. பல கார்களில் இது மணிக்கு 80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திற்குள் நேர்கிறது. அந்த வேகத்தைத் தாண்டினால் சில வண்டிகளில் நடுக்கம் குறைவதும் இதனால்தான்.

சேறு மட்டுமே காரணம் என்பதில்லை. டயரிலோ ரிம்மிலோ எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமைவது அரிது. ஆகவே டயர் கடையில் சக்கரத்தை ஓர் இயந்திரத்தில் சுழற்றி, எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று கண்டு, அங்கே சிறு எடைத்துண்டைப் பொருத்துகிறார்கள். இதைத்தான் வீல் பேலன்சிங் என்கிறோம். அந்தத் துண்டு விழுந்துவிட்டால் நடுக்கம் திரும்பிவரும்.

காற்றின் கணக்கு

1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். ராபர்ட் தாம்சன் என்பவர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் டன்லப்பிற்குப் பிறகே அது உலகெங்கும் பரவியது.

காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றே. ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ சுமை இருக்கிறது. காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு என்போம். சுமையை அழுத்தத்தால் வகுத்தால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 118 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கும். இது ஓர் அஞ்சலட்டையின் பரப்பைவிடச் சற்றுக் குறைவு! காரின் ஓட்டமும் நிறுத்தமும் இந்த நான்கு அஞ்சலட்டைகளின் பிடிப்பை நம்பியே நடக்கின்றன.

அழுத்தம் 20 பவுண்டாகக் குறைந்தால் பரப்பு ஒன்றரை மடங்காகும். டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும்; ரப்பர் சூடேறும். வேகமாக நெடுந்தொலைவு ஓடினால் டயர் வெடிக்கக்கூடும். காற்றைக் குறைக்கும் யோசனை ஏன் ஆபத்தானது என்று இப்போது தெரிகிறதல்லவா?

கத்திரி வெயிலில் மற்றொரு தவறும் நடக்கிறது. காலையில் 27 டிகிரி செல்சியசில் டயரில் 30 பவுண்டு இருந்தது. ஓட்டத்தில் உள்ளிருக்கும் காற்று 57 டிகிரிக்குச் சூடேறியது. கெல்வின் அளவில் இது 300-லிருந்து 330. பத்து சதவீத உயர்வு. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கருவி இப்போது 34 பவுண்டுக்குச் சற்று மேல் காட்டும். “கூடிவிட்டதே” என்று 30-க்கு இறக்கினால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 26 பவுண்டுதான் இருக்கும். ஆகவே வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.

நோய் நாடுவோம்

மருத்துவர் அறிகுறிகளைக் கேட்டே நோயை அறிகிறார். நாமும் அப்படியே செய்யலாம்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், முன் சக்கரங்களின் பேலன்சைச் சந்தேகிக்கலாம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கை நடுங்கினால், பின் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போதே வண்டி குலுங்கினால், டயர் புடைத்திருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கலாம். அப்போது வண்டியை உடனே நிறுத்த வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் கோளாறு பிரேக் தட்டில் இருக்கலாம்.

ஸ்டியரிங் கனமாக இருந்து, டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கத்து முன் டயரில் காற்று குறைந்திருக்கலாம்.

செலவில்லாத சோதனையை முதலில் செய்வதே அறிவுடைமை. காற்றை அளந்து சரிசெய்க. ரிம்மின் உட்புறத்துச் சேற்றைக் கழுவுக. அதன்பின்னும் நடுங்கினால், முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கலாம். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு மாறினால், குற்றம் சக்கரத்தில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அறிவியலின் அடிப்படை முறையாகும்.

செய்து பாருங்கள்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முன் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, தானாக நிற்க விடுங்கள். பல முறை செய்யும்போது ஒரே பகுதி கீழே வந்து நிற்கிறதா? அதுதான் கனமான பகுதி. அதற்கு நேர் எதிரே, ரிம்மில் சிறிது களிமண்ணை ஒட்டுங்கள். சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை களிமண்ணைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சுழலும்போது ஆரக்கால்களுக்குள் விரலை நுழைக்காதீர்கள்.

எத்தனை கிராம் களிமண் தேவைப்பட்டது? மழைக்குப் பின் வயல்வரப்பில் ஓட்டிவந்த சைக்கிளில் அந்த அளவு மாறுகிறதா? அளந்து குறித்து வையுங்கள்.