விதைநெல்லில் மறைந்து வரும் நிறம்



தம்பிலுவில் வட்டைகளில் விளைந்த நெல்லைக் குற்றும்போது, வெள்ளரிசியின் நடுவே சிவப்பு மணிகள் தென்படுவதுண்டு. இக்கலப்பினால் நெல்லின் விலை குறையும். சூடடிக்கும் பொறியிலும் சாக்கிலும் தங்கிய பிற நெல் இதற்கு ஒரு காரணம். மகரந்தக் கலப்பு மற்றொன்று. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையது. அயற்கலப்பு வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே. எனினும் அதன் விளைவு தொடர்ந்து வரும்.

நிறம் வரும் விதம்

ஒவ்வொரு பயிரும் நிறத்திற்குரிய பரம்பரையலகைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகின்றது. இவ்வலகின் மாற்று வடிவங்கள் எதிருருக்கள் எனப்படும். சிவப்பு எதிருரு ஆட்சியுடையது. ஒன்று இருப்பினும் அரிசி சிவக்கும். வெள்ளை எதிருரு பின்னிடைவானது. இரண்டும் வெள்ளையாயின் மாத்திரமே அரிசி வெண்மையாகும்.

மூன்று போகங்களில் நிகழ்வது

பி.ஜி. 94-1 போன்ற வெள்ளை நெல்லின் பூவில், அயலிலுள்ள ஏ.ரி. 362 போன்ற சிவப்பு நெல்லின் மகரந்தம் விழுகின்றது என்க. அப்போகத்தில் அரிசி வெள்ளையாகவே இருக்கும். ஏனெனில் நிறமுள்ள தவிட்டுத் தோல் தாய்ப்பயிருக்குரியது. அம்மணியை விதைத்தால், வளரும் பயிரின் மணிகள் யாவும் சிவப்பாகும். அவற்றையும் விதைத்தால், சராசரியாக நான்கு பயிர்களில் மூன்று சிவப்பும் ஒன்று வெள்ளையுமாகும். அம்மூன்றில் இரண்டு, வெள்ளை எதிருருவை மறைத்து வைத்திருக்கும்.

மெண்டல் என்னும் துறவி 1866 இல் வெளியிட்ட பட்டாணி ஆய்விலும், நெட்டைச் செடிகள் 787 ஆகவும் குட்டைச் செடிகள் 277 ஆகவும் காணப்பட்டன. இதுவும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றே.

செய்ய வேண்டியவை

1. வெள்ளை நெல்: சிவப்பு நெல் வயலை ஒட்டிய வரம்போரத்தில் விதைநெல் எடுக்கற்க. வயல் நடுவிலுள்ள நல்ல பயிர்களில் கதிர்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் சில மணிகளை உமி நீக்கிப் பார்க்க. சிவப்பாயின் அப்பயிரை முழுவதும் விலக்குக.

2. சிவப்பு நெல்: இங்கு பார்வை மாத்திரம் போதாது, கலப்புப் பயிரும் சிவப்பாகவே தோன்றும். ஒவ்வொரு கதிரையும் தனி வரிசையாக விதைத்து, வரிசைக்கு 20 பயிரேனும் சோதிக்க. ஒரு பயிர் வெள்ளையாயினும் அவ்வரிசை முழுவதையும் விதைக்கு ஒதுக்காது விடுக.

3. காய்கறி: கலப்பினத் தக்காளியிலிருந்து விதை எடுத்தால், மறைந்திருந்த இயல்புகள் அடுத்த தலைமுறையில் பிரிந்து வெளிப்படும், செடிகள் ஒரே சீராக இரா.

இவ்வாறு சோதிக்க இயலாதோர் உறுதிப்படுத்தப்பட்ட விதைநெல்லைப் பெற்று விதைப்பதே நன்று. கண்ணுக்குத் தெரியும் கலப்பைக் களைவது எளிது. மறைந்திருக்கும் கலப்பை அடுத்த தலைமுறையைக் கண்டே அறிதல் வேண்டும்.