பெரம்பூர் ஆலையும் வாடியாவும்



கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு விடியற்காலையில் புறப்படுகிற உங்களுக்கு ஒரு பார்சிக்காரரைப் பற்றிச் சொல்லக் கருதுகிறோம். நம் வேதத்தாரல்லர், பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். பெயர் பி. பி. வாடியா.

பெரம்பூரிலே பின்னி கம்பெனியாருக்குப் பக்கிங்ஹாம், கர்நாடிக் என இரு பஞ்சாலைகள் இருந்தன. மத்தியானச் சோற்றுக்கு விட்டது அரைமணி நேரம். கைகழுவவே அதில் எவ்வளவு போகுமென்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா? இதைப் பொறாத வியாபாரிகள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வாடியாவை அழைத்தனர். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. வாடியா தலைவரானார், திரு. வி. க.வும் துணைநின்றார்.

கம்பெனியார் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். சங்கத்தைக் காக்க அப்போது சட்டமில்லை. வாடியா விலக நேர்ந்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் பிறந்தது.

மிகவும் வருந்தத்தக்கது 1921-ம் வருஷத்து வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலகம் மூண்டு குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்களும் போயின. திரும்பினவர்களைத் தூஷிப்பது சுலபம். சங்கம் அவர்களைச் சரிசமமாய் நடத்திற்றா என்றல்லவோ முதலில் கேட்கவேண்டும்?

சங்கம் சேருவது மனிதனுக்கு இயற்கையான உரிமையென்று பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே தமது நிருபத்தில் போதித்தார். ஆகையால் சேர அஞ்சவேண்டாம். ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தக் கூலியாய் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறானே, அவன் பெயர் உங்கள் சங்கப் புஸ்தகத்தில் உண்டா? ஞாயிறு பூசைக்குப்பின் இதைப் பேசுவோம்.