செயற்கை இடுப்பு மூட்டும் காலத்தின் சோதனையும்

முன்னுரை

வண்டிச் சக்கரத்தின் குடத்தில் மசகு இட்டாலும் அச்சு தேயும். தேய்ந்தால் கழற்றி மாற்றிவிடுகிறோம். மனிதனின் இடுப்பு மூட்டும் தேய்கிறது. அதையும் மருத்துவர்கள் மாற்றுகிறார்கள். ஆனால் மாற்றி வைத்த மூட்டு நல்லதா என்பதை அறுவை முடிந்த அன்றே கூற இயலுமா? இயலாது என்பதே என் கருத்து. ஏன் இயலாது, பின் எவ்வாறு அறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டின் அமைப்பு

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துள் சுழல்கிறது. செயற்கை மூட்டில் தொடை எலும்பினுள் இறங்கும் உலோகத் தண்டு, அதன்மேல் ஒரு பந்து, எதிரே ஒரு கிண்ணம் ஆகியவை உள்ளன. பந்தும் கிண்ணமும் உரசும் இடமே எல்லாச் சிக்கலுக்கும் பிறப்பிடம்.

இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தனர். சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. அவற்றை அகற்ற நேர்ந்தது. பின்னர் 1962இல் அவர் பாலிஎதிலீனுக்கு மாறினார், அம்முறை நிலைபெற்றது. எனினும் பாலிஎதிலீனும் தேய்கிறது. அதன் நுண்துகள்களை உடல் எதிர்க்கும்போது சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு தளர்கிறது. மீண்டும் அறுவை செய்வதோ முதல் அறுவையினும் கடினம். பற்றி நிற்க எலும்பு குறைவு.

ஒரு பாடம்

தேய்மானத்தைத் தவிர்க்க உலோகத்தோடு உலோகமே உரசும் மூட்டுகள் வந்தன. அவற்றுள் ஒன்று, ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு. அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. சற்றுச் சாய்வு மிகுந்து பொருத்தப்பட்டால் பந்து விளிம்பில் உரசும். கோபால்ட், குரோமியத் துகள்கள் சுற்றுத் தசையிலும் குருதியிலும் சேரும்.

2010 ஆகஸ்டு 24 அன்று அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருத்திய ஐந்தாண்டுகளில் அதன் ஒரு வகையில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றொன்றில் 13 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டதாகப் பிரிட்டனின் பதிவேடு காட்டியது. பத்தாண்டுகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது என்பது அந்நாட்டின் அன்றைய அளவுகோல்; 2014இல் அது 5 விழுக்காடாக இறுக்கப்பட்டது.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் இம்மூட்டு பொருத்தப்பட்டது. மத்திய அரசு அமைத்த அகர்வால் குழு, பாதிக்கப்பட்டோர்க்குக் குறைந்தது 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. ஆனால் சுமார் 3,600 பேரைக் கண்டறிய முடியவில்லை என 2018இல் தெரியவந்தது. தம் உடலில் இருப்பது எந்த மூட்டு என்றே அறியாதவருக்கு இழப்பீட்டால் என்ன பயன்?

பதிவேடே அளவுகோல்

100 பேருக்கு மூட்டு பொருத்தியதாகக் கொள்வோம். ஐந்தாண்டு கழித்து 60 பேர் வருகிறார்கள், அனைவரும் நலம். இம்மூட்டு நூற்றுக்கு நூறு வெற்றி எனலாமா? வராத 40 பேருள் சிலர் வலி பொறாது வேறிடம் சென்றிருக்கலாம், சிலர் இறந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொருவரையும், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும், தொடர்ந்து கணக்கில் வைத்தல் வேண்டும். சுவீடன் 1979லும் ஆஸ்திரேலியா 1999லும் இதற்கெனத் தேசியப் பதிவேடு தொடங்கின. ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ்.ஆர். மூட்டு 2009 இறுதியிலேயே விலக்கப்பட்டமைக்கு அப்பதிவேடு துணைநின்றது. அந்நாட்டின் பதிவேட்டையும் பின்லாந்தின் பதிவேட்டையும் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கும் என மதிப்பிட்டது. பொறியில் பல இலட்சம் முறை சுழற்றிப் பார்ப்பது தேவையே. ஆயினும் அது 25 ஆண்டு வாழ்க்கைக்கு ஈடாகாது.

நம் நிலை

அயல்நாட்டுக் கணக்கு மட்டும் நமக்குப் போதாது. நாம் சம்மணமிட்டும் குந்தியும் அமர்கிறோம். இங்கே குருதி ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்புத் தலை சிதைந்து, இளவயதிலேயே மூட்டு மாற்றுவோர் பலர். இளைஞரின் மூட்டு நெடுங்காலம் உழைக்க வேண்டும். மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைத் திரட்ட 2015இல் இந்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குத் தகவல் தரவேண்டியோர் மருத்துவமனைகளும் நாமுமே.

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலில் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு, கோயிலுக்குரிய ஊர்களை நிரல்படக் கூறுகிறது. கொடுத்ததைக் கல்லில் பொறித்துவைத்த மண் இது. 2022இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், பொருத்திய மூட்டின் பெயரையும் எண்ணையும் எழுதி, ஆண்டுதோறும் நோயாளியை அழைத்துப் பார்க்கும் ஏடு ஒன்று இருப்பின் அது பேருதவியாகும்.

முடிவுரை

மூட்டு மாற்றம் பல்லாயிரவரை எழுந்து நடக்கவைத்த அரிய சிகிச்சை. அதை அஞ்சுதல் வேண்டா. புதியது எல்லாம் சிறந்தது என்று கொள்வதே தவறு. நம் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் இச்சிகிச்சை பெற்றால், மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டின் படியைக் கேட்டு வாங்கிக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்தச் சொல்வோம். வலி இல்லாவிடினும் மருத்துவர் குறித்த நாளில் படமெடுக்க அனுப்புவோம். படித்த நாம் செய்யத்தக்க சிறு தொண்டு இது.