உப்புத்தாளும் ரீப்பரும்: மாண்டிசோரி வகுப்புக்குக் கருவிகளை நாமே செய்யும் முறை

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரன்சோ குடியிருப்பில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். எழுத்து கற்பிக்கும் வேளை வந்தபோது, முன்பு வேறொரு பள்ளியில் பயன்படுத்தியது போன்ற அழகான மர எழுத்துகளையே இங்கும் செய்ய விரும்பினார். செய்து தர ஆள் அகப்படவில்லை. இரண்டு மாதத் தேடலுக்குப் பிறகு, அட்டையிலும் உப்புத்தாளிலும் எழுத்துகளை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அந்த எளிய எழுத்துகள் பழைய மர எழுத்துகளைவிட மேலானவை என்று பின்னர் அவரே எழுதினார்.

கருவிகளின் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் தயங்கும் சிறு பள்ளிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி தர வந்த மாண்டிசோரிக்கு, போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் அந்த மலையின் செடிகொடிகளே பாடக் கருவிகளாயின. கையருகே உள்ளதைக் கொண்டு செய்வது இந்த முறைக்குப் புறம்பானதன்று.

ஆனால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டி வண்ணம் பூசினால் அது மாண்டிசோரி கருவி ஆகிவிடாது. பிள்ளை தவறினால் அதை ஆசிரியை சொல்லக் கூடாது. கருவியே காட்டிக்கொடுக்க வேண்டும். செய்முறையின் எல்லா அளவுகளும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. புகழ்பெற்ற இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள், அத்தனையும் ஒரே நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் பூசினால் பிள்ளை நிறத்தை வைத்து அடுக்கிவிடும். பெரிது சிறிது என்பது கண்ணில் படாமலே போகும். இந்தக் கோபுரத்தை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். இயந்திரம் இல்லாமல் ஆறு பக்கமும் சதுரமாக அறுப்பது கடினம். வாங்கிவிடலாம், அல்லது நல்ல தச்சரிடம் கொடுக்கலாம்.

எழுத்தட்டைகள்

முதலில் செய்யத்தக்கது இதுதான். உயிர் 12, அகரம் ஏறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1 என 31 அட்டைகளில் தொடங்கலாம். கால், கொம்பு முதலிய குறிகளுக்குப் பிறகு தனி அட்டை செய்துகொள்ளலாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் 3 அல்லது 4 மி.மீ. பிளைவுட் துண்டுகள் போதும். கெட்டியான காலிகோ அட்டையும் ஆகும். உயிருக்கு நீலம், மெய்க்கு இளஞ்சிவப்பு என்பது வழக்கமான நிறம். பூசுவதற்கு முன் பலகையை வழவழவென்று தேய்த்துக்கொள்ள வேண்டும். இதில் சோம்பல் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

உப்புத்தாள் 120 அல்லது 150 எண் வாங்குங்கள். 80 விரலைச் சிராய்த்துவிடும். 220-க்கு மேல் போனால் சொரசொரப்பே தெரியாது. எழுத்தை வெள்ளைத்தாளில் 10 முதல் 12 செ.மீ. உயரத்தில், பிள்ளையின் விரல் அகலத்துக்குக் கோடு வரும்படி வரையுங்கள். பலரும் இடறும் இடம் அடுத்தது: உப்புத்தாளின் முன்பக்கம் பென்சில் ஓடாது, பின்பக்கத்தில்தான் வரைய வேண்டும். அப்படி வரைந்தால் எழுத்து இடம் வலமாகத் திரும்பிவிடும். ஆகவே வரைந்த தாளைக் கவிழ்த்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, பின்னால் தெரியும் உருவத்தின் மேலேயே ஒரு முறை வரைந்துகொள்ளுங்கள். பிறகு கார்பன் தாள் வைத்து அதை உப்புத்தாளின் பின்பக்கத்துக்கு மாற்றலாம். கத்தரிக்கோல் மழுங்கும் என்பதால் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வளைவுகளைப் பின்பக்கமிருந்து கட்டர் கத்தியால் அறுப்பது சுலபம்.

ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வையுங்கள். ஓரத்தில் பிதுங்கும் பசையை உடனே துடைக்காவிட்டால் காய்ந்து வரப்பாக நிற்கும். அட்டையின் இடப்பக்கம் பிள்ளை பிடித்துக்கொள்ள மூன்று விரல் இடம் விட வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு வலப்பக்கம். அடிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் அட்டை தலைகீழாகாது.

பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவும். விரல் வழி தவறினால் சொரசொரப்பு நின்று வழவழப்பு தட்டும். யாரும் சொல்லாமலே விரல் திரும்பி வரும். பலகையை அத்தனை வழவழப்பாகத் தேய்க்கச் சொன்னது இதற்குத்தான். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய மண் இது. ஆனால் மணலில் பிள்ளை இழுத்தபடியே கோடு விழும், தவறாக இழுத்தாலும் விழும். உப்புத்தாளில் கோடு முன்பே காத்திருக்கிறது.

எண் கோல்கள்

பத்துக் கோல்கள், சிறியது 10 செ.மீ., பெரியது 1 மீட்டர். ஒவ்வொன்றும் 10 செ.மீ. துண்டுகளாகச் சிவப்பும் நீலமும் மாறி மாறி, சிவப்பில் தொடங்கும். மரக்கடையில் ஓர் அங்குலச் சதுர ரீப்பர் 10 அடியில் இரண்டு வாங்கினால் போதும். ஒன்றில் 100, 90, 80, 30 என அறுத்தால் 300 செ.மீ. ஆகிறது. 10 அடி என்பது 304.8 செ.மீ., ரம்பம் தின்பதற்கும் இடம் இருக்கிறது. மற்றதில் 70, 60, 50, 40, 20, 10. வாங்கும்போதே ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, வளைந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லா அளவையும் முதலிலேயே குறித்துவிட்டு அறுக்கக் கூடாது. ஒன்றை அறுத்து முடித்த பிறகே அடுத்ததை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ரம்பத்தின் கனம் ஒவ்வொரு கோலிலும் கழியும். அளவு ஏன் இத்தனை முக்கியம்? கோல்களைப் படிக்கட்டாக அடுக்கிய பிள்ளை, 10 செ.மீ. கோலை எடுத்து ஒவ்வொரு படியிலும் வைத்துப் பார்க்கும். எல்லாப் படியிலும் அது சரியாகப் பொருந்தினால் அடுக்கு சரி. பொருந்தாவிட்டால் பிள்ளை தன்னைத்தான் சந்தேகிக்கும், கோலை அல்ல. அது பெரிய அநியாயம்.

வண்ணத்தில் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என 2016-ல் விதி வந்தது. டப்பாவில் அதற்கான குறிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். வண்டிக்கும் இரும்புக் கதவுக்கும் அடிக்கும் பெயின்ட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம்.

குச்சிகளும் குப்பிகளும்

எண்ணும் பெட்டி செய்வது சுலபம். 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைகள், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஐஸ்குச்சிகள் 45. சரியாக நாற்பத்தைந்தே, ஒன்று கூடவோ குறையவோ கூடாது. எங்காவது எண்ணிக்கை பிசகினால் கடைசி அறையில் குச்சி போதாமல் போகும், அல்லது கையில் மிஞ்சும். 0 அறை வெறுமையாகவே இருக்கும். ‘ஒன்றும் இல்லை’ என்பதைக் கண்ணால் பார்க்க அதுவே வழி.

ஒலிக் குப்பிகளுக்கு உள்ளே இருப்பது தெரியாத, ஒரே மாதிரியான 12 சிறு டப்பாக்கள் வேண்டும்: ஆறு சிவப்பு மூடி, ஆறு நீல மூடி. சலித்த மணல், கடுகு, அரிசி, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, கூழாங்கல் என இரண்டிரண்டில் சம அளவு, கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். தானியங்களை வறுத்து ஆறவிட்டுப் போட்டால் வண்டு வைக்காது. மூடியைப் பசையிட்டு இறுக்கி, ஜோடிகளின் அடியில் ஒரே நிறப் புள்ளி வையுங்கள். முடிவில் கவிழ்த்துப் பார்த்துப் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளும். மூடியை ஒட்டுவதற்கு முன்பே கண்ணை மூடி நீங்களே குலுக்கிப் பாருங்கள். கடுகும் அரிசியும் ஒன்றுபோல் கேட்டால் ஒன்றை மாற்றிவிட வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் வகுப்பில் 3 செ.மீ.க்குக் குறைவான எதுவும் தனியாகக் கிடக்கக் கூடாது; தொண்டையில் சிக்கும். விதைகளில் இன்னொரு அபாயமும் உண்டு. சிவப்பும் கறுப்புமாக மின்னும் குன்றிமணியை எண்ணுவதற்கோ அலங்காரத்துக்கோ எந்த வயதிலும் கொடுக்கக் கூடாது. கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. ஆமணக்கு விதையும் அப்படியே.

அலமாரியில் வைக்கும்போது

ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்று, தனித் தட்டில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஒருவர் எடுத்திருந்தால் மற்றவர் காத்திருப்பார். எழுத்தட்டைகளை முதல் நாளே 31-ஐயும் அடுக்க வேண்டாம். இரண்டு மூன்று மட்டும், அதுவும் ‘ன’, ‘ண’ போல ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். “இது ப, இது ம” என்று தடவிக் காட்டுவது முதல் படி. “ம எங்கே, காட்டு கண்ணு” என்பது இரண்டாவது. “இது என்ன?” என்பது மூன்றாவது. மூன்றாவதில் பிள்ளை தடுமாறினால் திருத்தாமல் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்கலாம்.

வாரம் ஒரு முறை குச்சிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 44 ஆகியிருந்தால் அந்தப் பெட்டி தவறான பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். உபரிக் குச்சிகள் நாலைந்தை ஆசிரியையின் மேசையில் வைத்திருப்பது நல்லது. அதிகம் புழங்கும் எழுத்துகளில் மணல் முதலில் உதிரும். அதே எண் உப்புத்தாளில் மிச்சத்தையும், வெட்டுவதற்கு வரைந்த மாதிரித் தாள்களையும் ஓர் உறையில் போட்டு வைத்தால், தேய்ந்த அட்டைக்குப் பதில் புதியதை ஒரே மாலையில் செய்துவிடலாம்.