தோள் கொடுத்தோர்

நடக்க இயலாத நோயாளரையும் புண்பட்டோரையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல உதவும் எளிய கருவி டோலி ஆகும். நீண்ட கழிகள் இரண்டும், அவற்றிடையே இழுத்துக் கட்டிய முரட்டுத் துணியும் அதன் உறுப்புகள். காண்பதற்கு எளிதாயினும் அது காத்த உயிர்கள் எண்ணில் அடங்கா.

முற்காலப் போர்களில் புண்பட்டு வீழ்ந்த வீரர் பலர், போர் ஓயும்வரை எடுப்பாரின்றிக் களத்திலேயே கிடந்து மாண்டனர். இந்நிலையை மாற்ற முனைந்தவருள் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் இருவர் குறிப்பிடத்தக்கவர். லார்ரே என்பவர் 1790-களில் குதிரை பூட்டிய விரைவு வண்டிகளை அமைத்தார். பதவியைப் பாராது, புண்ணின் கொடுமையைப் பார்த்தே மருத்துவம் செய்தார். பெர்சி என்பவர் டோலி தூக்குவோர்க்கெனத் தனிப்படை திரட்டினார். அப்படையினர் ஒவ்வொருவரும் டோலியின் ஒரு பாதியை உடன்கொண்டு செல்வர். கையிலுள்ள ஈட்டியே கழியாகும். இருவர் கூடினால் டோலி உருவாகும்.

1899-ஆம் ஆண்டு அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர்க்கும் போயர்க்கும் போர் மூண்டது. நேட்டாலில் வாழ்ந்த இந்தியர் அந்நாளில் உரிமையின்றி இழிவாக நடத்தப்பட்டு வந்தனர். எனினும், காந்தியடிகள் முன்னின்று ஏறத்தாழ 1,100 இந்தியர் அடங்கிய தொண்டர் படையை அமைத்தார். அவருள் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலுக்குச் சென்ற அத்தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். பூத் என்னும் மருத்துவர் தொண்டர்க்குப் பயிற்சி அளித்தார்.

குண்டு பாயும் எல்லைக்குள் தொண்டர் செல்ல வேண்டியதில்லை என்பது முதலில் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால், 1900-ஆம் ஆண்டு சனவரியில் ஸ்பியன் காப் குன்றில் ஆங்கிலப் படை பின்னடைந்தபோது, அவ்வெல்லைக்குள்ளும் வந்து உதவினால் நன்றி பாராட்டுவதாகப் படைத்தலைவர் புல்லர் சொல்லியனுப்பினார். கட்டாயம் ஏதும் இல்லை. மறுத்திருந்தாலும் குற்றம் கூறுவாரில்லை. தொண்டரோ தயங்காது சென்றனர். புண்பட்டோரைச் சுமந்துகொண்டு ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்ததும் உண்டு. அவ்வாறு சுமக்கப்பட்டவருள் தளபதி உட்கேட்டும் ஒருவர்.

தம்மைத் தாழ்த்தி வைத்தவரையும் அவர்கள் தம் தோளில் உயர்த்திச் சுமந்தனர். துன்புற்றவன் யாவன் என வினவாது, அவன் துன்பத்தையே நோக்குதல் உண்மைத் தொண்டாகும்.

இக்காலத்தில் விரைந்து செல்லும் மருத்துவ ஊர்திகள் பல உள்ளன. ஆயினும், சாலை எட்டாத மலையூர்களில் நோயாளரை இன்றும் டோலி கட்டியே தூக்கி வருகின்றனர். அங்கெல்லாம் சாலை சென்று சேரும் நாள்வரை, ஓர் உயிரைக் காப்பவை மனிதரின் தோள்களே.